பொங்கலன்று நான் எழுதிய நாலு மில்லி மீட்டர்

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஏம்மா, உன்ன யாரும் மிரட்டுனாங்களா? எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு" என்று கேட்டாய். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் போனில் நம் வட்டாரக் குரூப்பில் எழுதியதை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. அது போகட்டும் என்று இருந்தேன். நீயும் நம்பவில்லை என்று தெரிந்த பிறகு அப்படி விட முடியவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீ எனக்காகப் பேசியது நாலு பேர் பார்க்கும் இடத்தில் என்பதால் இதையும் அங்கேயே போடுகிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. அறுபத்து மூன்று வயதில், முழங்கால் வலியோடு, சங்கரன்கோவில் கடைவீதியில் கல்யாண ஜவுளிக்கு அலைந்துகொண்டிருக்கும் ஒருத்தியை மிரட்டி அரசாங்கத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்.

என் வேலை உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். என் அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் வளாகத்தில் கம்பிவேலி போட்ட ஒரு சின்னச் சதுரத்துக்குள் மழைமானி நின்றது. மேலே புனல், உள்ளே தண்ணீர் சேரும் பாட்டில், பக்கத்தில் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. தினமும் காலை எட்டரை மணிக்கு வேலியின் பூட்டைத் திறந்து, பாட்டிலில் உள்ளதைக் குவளையில் ஊற்றி, குனிந்து கண்ணளவில் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. மற்றவர்கள் பத்து மணிக்கு வரும் அலுவலகத்துக்கு நான் எட்டரைக்குப் போனேன். உனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்த காலம் அது. வேலையில் சேர்ந்து ஓய்வு பெறுகிறவரை மழை என்றால் அந்த அலுவலகத்தில் என்னைத்தான் கேட்பார்கள்.

ஓய்வு பெற்றதும் நீ எனக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, நம் வட்டார ஆட்கள் இருக்கும் அந்தக் குரூப்பிலும் சேர்த்துவிட்டாய். பொழுது போகும் என்றாய். நன்றாகத்தான் போயிற்று. கரண்டு எடுக்கும் காற்றாடிக் கம்பெனிகளுக்காக அரசாங்கமே மேகத்தை விரட்டுகிறது, மழை பெய்தாலும் ரெக்கார்டில் குறைத்து எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு இருக்கிறது என்று ஒருநாள் ஒரு பெரிய பதிவு வந்தது. எனக்கு உடனே கை பரபரத்தது. மழையை எப்படி அளப்பார்கள் என்று பொறுமையாக எழுதினேன். கடைசியில் ஒரு நையாண்டியும் சேர்த்தேன். சதி செய்ய வேண்டுமென்றால் நாலு பேர் ஒரே நேரத்துக்கு வேலைக்கு வரவேண்டும், எங்கள் அலுவலகத்தில் அது ஒருநாளும் நடந்ததில்லை என்று. எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் "அம்மா சொன்னா சரிதான்" என்று போட்டார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. உன் அப்பா கடையிலிருந்து வந்து, "அந்தப் போனக் கீழ வச்சுட்டு ஒரு வாய் காப்பி குடு" என்று கேட்டதுகூட என் காதில் விழாத நாட்கள் உண்டு.

பிறகு வசவு வந்தது. அரசாங்கத்துக்கு ஜால்ரா என்றார்கள், பென்ஷன் வாங்குகிற வாய் வேறென்ன பேசும் என்றார்கள். ஒருவன் அடுப்படியில் போய் ரசத்தை அளக்கச் சொன்னான். என் பணி ஓய்வு விழாப் படத்தை எங்கிருந்தோ எடுத்து, சால்வையோடு நிற்கும் என்னைப் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி நூல் கட்டி வரைந்து போட்டார்கள். அன்றைக்கு நான் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பாதிப் பொய்யாகிவிடும். நானும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பனவடலிசத்திரம் பக்கத்து விவசாயி செல்லத்துரை என்று ஒருவர், உளுந்துச் செடியைப் படமாக வைத்திருப்பார், அவர் யாரையும் திட்டுவதில்லை. எங்கள் ஊரில் பெய்த மழையை நீங்கள் எழுதவில்லை, அதில் நிவாரணம் போயிற்று என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவார். திட்டுகிறவனை விட்டுவிடலாம், ஒன்றையே சொல்லிக்கொண்டே இருப்பவன்தான் எரிச்சலைக் கிளப்புவான். "இத்தனை வருஷம் அளந்தவள் சொல்லுகிறேன், ஏர் பிடிக்கத் தெரிந்தவர் ஏரைப் பிடிக்கட்டும், மழையை எங்களிடம் விட்டுவிடட்டும்" என்று எழுதினேன். அதற்கும் நிறையப் பேர் சிரித்தார்கள். என் அனுபவத்தை அன்றைக்கு நான் ஒரு விஷயத்தை விளக்க எடுக்கவில்லை, அவர் தலையில் ஒரு போடு போடத்தான் எடுத்தேன்.

அந்தப் பொம்மலாட்டப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீ உள்ளே வந்தாய். உன் பதிவை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். "என் அம்மா தன் சர்வீஸில் ஒருநாள்கூடப் பொய்க்கணக்கு எழுதியதில்லை. காய்ச்சலோடு குடை பிடித்துப் போய் அளந்ததை நான் பார்த்திருக்கிறேன்." இத்தோடு நிறுத்தியிருக்கலாம். படிக்காதவனெல்லாம் வானிலை பேச வந்துவிட்டான், நிவாரணம் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று செல்லத்துரையைப் பெயர் சொல்லியே எழுதினாய். அதற்கு அவர் ஒரே ஒரு வரிதான் போட்டார். நீ ஆறாம் வகுப்பு படித்த வருஷத்துப் பொங்கலைக் குறிப்பிட்டு, அன்றைக்கு எங்க பக்கம் எவ்வளவு மழைன்னு அம்மாவிடமே கேளுங்க தம்பி என்று. நீ உடனே எனக்குப் போன் போட்டாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ரெக்கார்டில் நாலு மில்லி மீட்டர்தான் இருக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் அதை அப்படியே எடுத்துப் போட்டு, இதுதான் ஆதாரம் என்று எழுதினாய். அதன் பிறகு செல்லத்துரை எதுவும் எழுதவில்லை.

இப்போது அந்தப் பொங்கலைச் சொல்லுகிறேன். போகியன்று காலையில் அளந்துவிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு சிவகிரி பஸ்ஸில் உன் மாமா வீட்டுக்குப் போனேன். நான் வராத நாட்களில் வாட்ச்மேன் அளந்து சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. வேலிப் பூட்டின் சாவி என் கைப்பையிலேயே வந்துவிட்டது. பொங்கலன்று காலை எட்டு மணிக்கு அவர் மாமா வீட்டுக்குப் போன் செய்தார். "யம்மா, நேத்து சாயந்திரம் பிடிச்ச மழ இன்னும் விடல. சாவி எங்க வச்சிருக்கிய?" என்று கேட்டார். அப்போதுதான் பையைத் திறந்து பார்த்தேன். சிவகிரியில் வெறும் தூறல். பஸ் பிடித்தால் மதியத்துக்குள் வந்திருக்கலாம், மணி தவறினாலும் உண்மையான அளவைச் சொல்லியிருக்கலாம். உனக்குக் காய்ச்சல் என்று ஒரு காரணம் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். உனக்கு ஒன்றுமில்லை. நீ மாமா பிள்ளைகளோடு கேரம் விளையாடிக்கொண்டிருந்தாய். பால் பொங்கப்போகிற நேரம், பண்டிகைக் கூட்டம் நிற்கிற பஸ், எனக்கு எழுந்து வர மனமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, மாமா வீட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டே, நாலு என்று சொன்னேன்.

ஏன் நாலு என்று கேட்பாய். இல்லை என்று சொன்னால் தரை ஈரத்தைப் பார்த்த யாராவது கேட்டுவிடுவார்கள். நாற்பது, அறுபது என்று சொன்னால், சரியாகப் பாருங்கள் என்று மேலேயிருந்து திரும்பக் கூப்பிடுவார்கள். நாலு என்பது யாரும் திரும்பக் கேட்காத எண். என் அனுபவம், அனுபவம் என்று குரூப்பில் பீற்றிக்கொண்டேனே, அன்றைக்கு அது இதற்குத்தான் உதவியது. மறுநாள் மாட்டுப்பொங்கலுக்கும் அங்கிருந்தே ஒரு மில்லி மீட்டர் என்று சொன்னேன். அதற்கு அடுத்த நாள் வந்து பூட்டைத் திறந்தால் பாட்டில் நிரம்பி, அதைச் சுற்றிய வெளிக்கூட்டிலும் தண்ணீர் நின்றது. குவளையில் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். ஒரு குவளையே இருபது மில்லி மீட்டர், நாலாவது குவளைக்கு மேல் எண்ணவில்லை. இப்போதாவது திருத்தினால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. திருத்தினால் மெமோ வரும், பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த வருஷம் அது. மீதித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுப் பூட்டினேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அந்த மழையில்தான் செல்லத்துரையின் உளுந்து போயிற்று. பிடுங்கி வயல்காட்டில் குவித்திருந்த செடியில் முற்றிக் காய்ந்த நெத்தெல்லாம் முளைவிட்டுவிட்டதாம். நிவாரணம் கேட்டுப் போனவரிடம், உங்க பக்கம் மழையே இல்லையே என்று ஒரு தாளைக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நிவாரணத்தில் விடுபட்டதற்கு என் நாலு மட்டும்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. காட்டை நேரில் பார்த்திருக்க வேண்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் பனவடலிப் பக்கத்துக்கும் எங்கள் மழைமானியின் கணக்குதான், அவரிடம் காட்டிய தாளில் இருந்தது என் எண். தன் கண்ணால் பார்த்த மழையைப் பெய்யவே இல்லை என்று அரசாங்கம் சொன்னால் ஒரு மனிதர் வேறென்ன நினைப்பார்? அவர் சதி என்று நினைத்தார். மேகத்தை விரட்டுகிறார்கள் என்பது சுத்த அபத்தம்தான், இன்றைக்கும் அதைச் சொல்லுவேன். ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம், பெய்ததை எழுதவில்லை என்பது, அட்சரம் பிசகாத உண்மை. அதையும் சேர்த்துத்தான் நான் கேலி செய்தேன். அது உண்மை என்று அந்தக் குரூப்பில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அப்படியே இருந்திருப்பேன், மக்கா. உன்னிடம் நல்லவள் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை. உன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க முந்தின வாரம் பனவடலிசத்திரத்துக்கு உன் அத்தை வீட்டுக்குப் போனேனே, அங்கேதான் எல்லாம் நடந்தது. தாம்பூலத் தட்டோடு உள்ளே நுழைகிறேன், மருந்தடிக்கிற மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவர் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கிய" என்றார். அத்தை, இவர் பக்கத்து வீட்டுச் செல்லத்துரை என்றாள். என் தட்டிலிருந்து வெற்றிலை சரிந்தது. அவர் குனிந்து எடுத்து வைத்தார். அந்த நூல் கட்டிய படத்தால் என் முகம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. பையனுக்குக் கல்யாணமா, எந்த ஊரில் பொண்ணு, தம்பிக்கு எங்கே வேலை என்று சாதாரணமாக விசாரித்தார். நீ அவரைப் பற்றி எழுதியதை அவர் படித்திருக்கிறார். ஆனாலும் உன்னைத் தம்பி என்றுதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

அத்தை காப்பி போட உள்ளே போன நேரத்தில் சொல்லிவிட்டேன். அந்தப் பொங்கலுக்கு நான் ஊரில் இல்லை, அளக்காமல் நாலு என்று சொன்னேன், அது என் தப்பு, மேலே இருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை என்று. உத்தரவு ஒன்றும் இல்லையா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். காற்றாடிக்காரர்கள்? அவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது என்றேன். சாவி என் பையோடு வந்துவிட்டது என்று மறுபடியும் சொன்னேன். கோபப்படுவார், அல்லது தான் சொன்னது சரியாகப் போயிற்று என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தொங்கிப் போயிற்று.

"சதின்னு நெனச்சப்போ ஒரு மதிப்பாது இருந்துச்சும்மா. எங்களக் கெடுக்கதுக்கு நாலு பேரு உக்காந்து யோசிச்சிருக்கான்னு. நீங்க சொல்லுததப் பாத்தா எங்கள ஒருத்தருமே நெனைக்கலன்னுல்லா ஆவுது."

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அவர் மகள் அந்தப் பொங்கல் வருஷம்தான் காலேஜுக்குப் போக வேண்டியவள், போகவில்லை என்று அத்தை பிறகு சொன்னாள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போதே குரூப்பில் எழுதிப் போட்டேன். எழுதும்போது பெரிய பாரம் இறங்குவது மாதிரிதான் இருந்தது. பிறகுதான் வேடிக்கை. எனக்குத் துணை நின்றவர்கள், அம்மா அக்கவுண்டை எவனோ ஹேக் செய்துவிட்டான் என்றார்கள். என்னைத் திட்டியவர்கள், மேலே உள்ளவர்களைக் காப்பாற்ற ஒரு பாவப்பட்ட கிளார்க்கைப் பலி கொடுக்கிறார்கள் என்றார்கள். பொம்மலாட்டப் படம் போட்டவனே, பாவம் அம்மா, எவ்வளவு மிரட்டியிருப்பார்கள் என்று எனக்காக இரக்கப்பட்டான். நான் பொய் சொன்னபோது பாதிப் பேராவது நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் ஒருவர்கூட நம்பவில்லை. எல்லோருக்கும் இதன் பின்னால் ஒரு பெரிய கை வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு எழுந்து வரச் சோம்பல்பட்ட ஒரு பொம்பளை யாருக்கும் போதவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. குரூப்பை விட்டு அதனால்தான் விலகப்போகிறேன், இந்தக் கடிதத்தைப் போட்ட பிறகு.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் தாய் ஆனதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் வேலையில் உனக்கும் அனுபவம் ஏறும், அதைக் காட்டி நாலு பேரை வாயடைக்கும் நாளும் வரும். அன்றைக்கு, நீ தவறவிட்ட ஒரு காலை வேளையை முதலில் நினைத்துக்கொள், பிறகு பேசு. வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடமும் அப்படித்தான். உனக்கு ஒன்று தெரியும் என்பதற்காக அவள் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லாதே.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் பனவடலிக்குப் போய் செல்லத்துரைக்குப் பத்திரிகை வைத்தேன். தட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்க வச்சா வரமாட்டேன்மா. தம்பி கூப்பிடட்டும், வாரேன்" என்றார். அது நியாயம்தான். என் தப்பை நான் ஒத்துக்கொண்டேன், நீ சொன்ன வார்த்தையை நான் எப்படித் திரும்ப வாங்க முடியும்? அவருடைய நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். முதலில் உன் பதிவை எடுத்துவிடு. பிறகு கூப்பிடு. நீ பேச ஆரம்பித்ததும் உன் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அம்மா பாவம், ஒரு நாள்தானே, வேலைப் பளு, யாருக்குத்தான் தவறாது என்று வரும். சின்ன வயதிலிருந்து என்னை யாரிடமும் நீ தாழ்த்திப் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டபோதுகூட என் மேல் பழி போட்டதில்லை. அந்த மனிதரிடம் அதெல்லாம் வேண்டாம். அம்மா பொய் எழுதினாள், நீங்கள் பார்த்த மழை பெய்தது, நான் உங்களைப் பேசியது தப்பு என்று மட்டும் சொல். இந்த ஒரு தடவை என்னை விட்டுக்கொடுத்துப் பேசு, மக்கா.

அம்மா